முதன்மை ஓட்டுநர்

இன்சூரன்ஸ் படிவத்தின் நான்காவது கேள்விக்கு மாஸ்டர் பேனாவை அழுத்திப் பிடித்து "19" என்று எழுதினார். எழுதியது போதாதென்று அடியில் ஒரு கோடும் போட்டார். எத்தனை வருடமாகக் கார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்த ஐந்து வாரத்தில், மனைவியைக் கேட்காமல் அவரால் பதில் சொல்ல முடிந்த முதல் கேள்வி அது.

ஊரில் அவர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். பேங்க் மேனேஜர், பல் டாக்டர், கல்யாணம் நிச்சயமான பெண்கள் என்று ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கிளட்சை மிதிக்கப் பழகியிருந்தார்கள். இங்கே அவர் மனைவியின் விசாவில் தொற்றிக்கொண்டு வந்த ஆள். அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. திங்கட்கிழமை முதல் காலை ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான் கொட்டாவி விட்டுக்கொண்டு கிளம்பும். அதற்காக ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்தியாயிற்று. இருவருடைய லைசென்ஸும் இங்கே செல்லும். ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் சக்கரம் உருளக் கூடாது. "உன்னக் கொண்டுபோய் விடுறது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்து வாரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு நெஞ்சை நிமிர்த்த மிச்சமிருந்தது அந்தப் பொறுப்பு ஒன்றுதான்.

கவுண்டரில் இருந்த பெண் பேசியதில் பாதி மாஸ்டருக்குப் புரிந்தது. மீதியை மனைவி காதோரம் தமிழில் சொன்னாள். இத்தனை வருடமும் இவர் பெயரில் இன்சூரன்ஸ் இருந்ததற்குப் பழைய கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் நேற்று லைசென்ஸ் எடுத்தவராகத்தான் அவரை வைப்பார்கள். அப்படி வைத்தால் கட்ட வேண்டியதை அந்தப் பெண் ஒரு தாளில் எழுதி நகர்த்தினாள்.

"ஏதோ போன் நம்பர் எழுதியிருக்கா பாரு" என்றார் மாஸ்டர்.

"அதுதாங்க தொகை" என்றாள் மனைவி.

மாஸ்டர் வெளி வராந்தாவுக்குப் போய் ஊரிலிருக்கும் ஏஜெண்டைக் கூப்பிட்டார். வருடா வருடம் வீட்டுக்கே வந்து பாலிசியைப் புதுப்பித்துக் கொடுத்தவர். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டார்.

"மாஸ்டர், உங்க பேர்ல ஒரு பாலிசியும் கெடையாதே."

"என்னப்பா சொல்ற? நீதான வருஷா வருஷம் கையெழுத்து வாங்கிட்டுப் போவ?"

"தங்கச்சிகிட்ட வாங்கினேன். ஸ்கூல் வண்டியெல்லாம் ஓனர் பேர்ல. உங்க வீட்டு வண்டி தங்கச்சி பேர்ல. உங்க பேர்ல ஒரு சைக்கிள்கூட இல்ல மாஸ்டர்."

மாஸ்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் கல்யாண நாளுக்கு அந்தக் காரை மனைவி பெயரில் வாங்கினார். சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் போட்டு, "அவளுக்குக் கார் பரிசு கொடுத்திருக்கேன்" என்று பெருமை அடித்தார். பரிசைக் கொடுத்தாரே தவிர சாவியைக் கொடுக்கவில்லை. அது பதினோரு வருடமும் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. வராந்தா கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"தங்கச்சிக்கு வேணும்னா இப்பவே அனுப்புறேன்" என்றார் ஏஜெண்ட். "பதினோரு வருஷத்துல ஒரு கிளெய்ம்கூட இல்ல. தங்கமான ரெக்கார்டு."

அந்தத் தங்கத்தின் ரகசியம் மாஸ்டருக்கு மட்டும் தெரியும். வீட்டுக் கேட்டில் இரண்டு தடவை இடித்திருக்கிறார். ஊருக்கே ஓட்டச் சொல்லித்தருகிறவர் தன் வீட்டுக் கேட்டில் இடித்தார் என்று கிளெய்ம் ஃபாரத்தில் எழுத மானம் போகும் என்பதால், சொந்தக் காசில் பெயிண்ட் அடித்துக்கொண்டார்.

கடிதம் மனைவியின் போனுக்கு வந்தது. அதைப் படித்த கவுண்டர் பெண், விமானம் ஓட்டுகிறவளைப் பார்ப்பதுபோல மனைவியைப் பார்த்தாள். புதிதாக எழுதிக் காட்டிய தொகை, பழையதில் கால்வாசிகூட இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவர்தான் முதன்மை ஓட்டுநர். மாற்றிச் சொன்னது தெரிந்தால் விபத்து நடக்கும் அன்று பைசா கிடைக்காது. ஆஸ்பத்திரிக்கு யார் ஓட்டப்போகிறீர்கள்?

"பேப்பர்ல நீ இரு. ஓட்டுறத நான் பாத்துக்கறேன்" என்று மாஸ்டர் கிசுகிசுத்தார்.

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணிடம் அவள் மொழியிலேயே, நான்தான், என்றாள்.

"கூசாம பொய் சொல்ற."

"பொய் இல்லீங்க. ஓட்டப்போறேன்."

"கடைசியா எப்ப ஓட்டின?"

"லைசென்ஸ் டெஸ்ட்ல ஓட்டினேன். அப்புறம் நீங்க எனக்குக் கார் வாங்கிக் குடுத்தீங்க. அதோட போச்சு."

மாஸ்டர் கவுண்டரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு, "இன்னிக்கு வியாழன்" என்று முனகினார். "திங்கக்கெழமை டூட்டி."

"கல்யாணப் பொண்ணுங்களுக்குக் கத்துக்குடுக்க எத்தன நாள் எடுக்கும் உங்களுக்கு?"

"இருபது நாள்."

"நீங்க திட்டுற நேரத்தக் கழிச்சா?"

மாஸ்டர் நியாயமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார். "மூணு, நாலு நாள் வரும்."

'கூடுதல் ஓட்டுநர்' என்ற கட்டத்தில் கவுண்டர் பெண் அவர் பெயரை எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் அனுபவம்: பூஜ்ஜியம். அந்த வட்டத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மனைவி பேனாவை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டாள். கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போயிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். பேச்சில் இருந்த துணிச்சலை விரல்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருந்தது. அதற்கப்புறம் அவர் அந்த வட்டத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அதிகாலை அவள் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் காலி மைதானத்தில் சுற்றியாயிற்று. உண்மையான தெரு இதுதான் முதல் தடவை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இந்தக் காரில் அந்த இடத்தில் வெறும் கால்மிதிதான். அவருடைய வலது கால் அதை நம்பாமல், திருப்பத்துக்குத் திருப்பம் கால்மிதியை மிதித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு முந்தைய சிக்னலில் பச்சை விழுந்தது. அவள் கிளட்சைச் சட்டென்று விட்டாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்துத் திட்டுகள் மொத்தமும் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன.

"அவசரமே இல்லம்மா" என்றார் மாஸ்டர். "அவன் காத்திருப்பான்."

அவள் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்தது. தூரத்தில் ஆஸ்பத்திரியின் ஆறு மாடியிலும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வண்டி மெல்ல அசைந்து நகர்ந்தபோது, மாஸ்டரின் வலது கால் கால்மிதிக்கு ஒரு விரற்கடை மேலே, எதையும் மிதிக்காமல், அந்தரத்தில் நின்றது.