மாத்திரை நேரம்

பல் டாக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தபோது, டீத்தட்டோடு வந்தவள் ஏதோ மோதிரம் என்றுதான் நினைத்தாள். எட்டிப் பார்த்தாள். பஞ்சின் மேல் ஒரு பல் உட்கார்ந்திருந்தது. வேரோடு, மஞ்சள் பாரித்து, ஓரத்தில் கறுத்த சொத்தையோடு ஒரு கடைவாய்ப் பல்.

"பாட்டுக்காரப் பெரியவரோட பல்லு," என்றார் டாக்டர், தொட்டிலில் குழந்தையைக் காட்டுகிறவர் போல. "எத்தனை மேடையில பாடின வாயி! என் நாற்காலியில உக்காந்துதான் பிடுங்கிக்கிட்டாரு. டப்பா மூடியில கையெழுத்தும் வாங்கிட்டேன். வாயில பஞ்சைக் கடிச்சிக்கிட்டே போட்டாரு."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் 'அடடா' என்றார்கள். அதில் உரத்த அடடா அவள் கணவருடையது.

அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் கை கழுவினாள். பல்லை அவள் தொடவில்லை, ஆனாலும் கழுவினாள்.

அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். கணவருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேலாளர் நாற்காலி. கல்யாணமான புதிதில் அவர் சங்கீதப் பிரியர் என்று கேள்விப்பட்டு அவள் பூரித்துப் போனதுண்டு. பிறகுதான் விஷயம் புரிந்தது. கச்சேரிக்குப் போவார், கடைசிப் பாட்டு முடிவதற்குள் எழுந்து ஓடிவிடுவார், மேடைக்குப் பின்வாசலில் முதல் ஆளாக நிற்க. வீட்டில் அலமாரி நிறைய இசைத்தட்டுகள். எல்லாவற்றின் மேலும் கையெழுத்து. ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்டது கிடையாது, உறை பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். போட்டுக் கேட்க ஒரு பெட்டியும் வீட்டில் இல்லை.

கூடத்துச் சுவரில் ஆணி அடிக்க இடமில்லை. அறுந்த தந்தி, ஊதித் தேய்ந்த புல்லாங்குழல், ஒரு மிருதங்கக்காரரின் விரல் கட்டு எல்லாம் கண்ணாடிக்குள் தொங்கின. நடுநாயகமாக ஒரு பாடகரின் வியர்வைத் துண்டு. "துவைச்சீங்களா?" என்று அவள் ஒருமுறை கேட்டுவிட்டாள். கோயிலில் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இந்தக் கூட்டத்துக்குப் பெயர் இசை அன்பர் வட்டம். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடும். யாருக்கு என்ன கிடைத்தது, எந்த வித்வானுக்கு என்ன நோய், இன்னும் எவ்வளவு நாள் தாங்குவார்: பேச்சு இதைத் தாண்டாது. அன்றும் பல்லை மூடி வைத்தபின் பேச்சு ஒரு வயதான வயலின்காரரிடம் வந்தது.

"மாத்திரை நேரத்துல போனா கையெழுத்து அருமையா போடுறாரு," என்றார் டைல்ஸ் கடைக்காரர். "கோடு நூல் பிடிச்ச மாதிரி வருது. எல்லாம் சாருக்குத்தான் நன்றி சொல்லணும்."

சார் என்றது அவள் கணவரை. அவர் அடக்கமாகச் சிரித்தார்.

அடுக்களை வாசலில் நின்றவளுக்குச் சுருக்கென்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது அவள் வாய், கெட்டது வேறொருவர்.

வயலின்காரரின் மனைவி அவள் கடையில்தான் மாத்திரை வாங்குவார். நடுக்கவாதம். ஒருநாள் சாப்பிடும்போது அவள்தான் வீட்டில் சொன்னாள்: "பாவங்க. நாள் பூரா கை உதறிக்கிட்டே இருக்குமாம். சாயங்கால மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் அப்படியே அடங்குதாம். அந்த நேரத்துக்குத்தான் மனுஷன் காத்துக்கிட்டு இருக்காராம்." கணவர் பருப்பைப் பிசைந்துகொண்டே "எத்தனை மணிக்குப் போடுவாராம்?" என்று கேட்டார். இரக்கத்தில் கேட்கிறார் என்று நம்பி அவளும் சொல்லித் தொலைத்தாள்.

"அடுத்த வாரம் வயலின்காரர் வீட்டுக்கு நானும் வரேன்," என்றாள் வட்டம் கலைந்ததும்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வா, வா. பொம்பளை கூட வந்தா அந்தம்மா கதவைச் சீக்கிரம் தொறப்பாங்க. கொஞ்சம் பழம் வாங்கிக்கோ."

வயலின்காரரின் வீடு ஒரு மாடிப் போர்ஷன். அவர்கள் போவதற்குள் டாக்டரும் டைல்ஸ் கடைக்காரரும் வந்து நாற்காலிகளைப் பிடித்திருந்தார்கள். ஆளுக்கொரு பை. ஏற்கெனவே யாரோ விட்டுப்போன இசைத்தட்டுக் கட்டுகள் இரண்டு சுவரோரம் கிடந்தன. நேரமில்லாதவர்கள் கட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து வாங்கிப் போவது வழக்கமாம். துணி வெளுக்கப் போடுவதுபோல.

ஜன்னலோரம் வயலின்காரர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். வலது கை மடியில் துள்ளிக்கொண்டிருந்தது, தரையில் போட்ட மீன் மாதிரி. பக்கத்து ஸ்டூலில் வயலின் பெட்டி திறந்தபடி இருந்தது. எதிரில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி.

அவர் மனைவி தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தார். விழுங்கினார். பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பை அவளால் மறக்கவே முடியாது. மூன்று ஆண்கள் ஒரு கிழவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று பார்ப்பதைப்போல. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடங்குது போல," என்றார் டைல்ஸ் கடைக்காரர், தணிந்த குரலில்.

"இல்ல, கட்டைவிரலைப் பாருங்க. இன்னும் ஆடுது," என்றார் அவள் கணவர். "அவசரப்பட்டா காரியம் கெட்டுடும். நடுங்கின கையெழுத்தைப் பழசோட வெச்சுப் பாத்தா ஒத்துப்போகாது. அது அவரோடதுன்னு யாரும் ஒத்துக்க மாட்டான்."

கிழவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை மெல்ல அடங்கியது. அடங்கியதும் அது தானாக வயலின் பக்கம் நகர்ந்தது. அதற்குள் கணவர் குறுக்கே புகுந்து மடியில் ஒரு இசைத்தட்டை வைத்து, விரலிடுக்கில் பேனாவைச் செருகிவிட்டார். "ஐயா, உங்க ரசிகன். ஒண்ணே ஒண்ணு."

ரசிகன் என்ற சொல்லைக் கேட்டதும் வயலின்காரர் முகம் மலர்ந்தது. பெயரை எழுதி, அடியில் ஒரே மூச்சில் வில்லை இழுப்பதுபோல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அழகான கோடு. அந்த 'ஒன்றே ஒன்று' பையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பிறகு டாக்டர் பை. பிறகு டைல்ஸ் பை. பிறகு சுவரோரக் கட்டுகள்.

கடைசித் தட்டில் கோடு லேசாக நெளிந்தது. "போதும், போதும், இதுக்கு மேல வேணாம்," என்று டாக்டரே தடுத்தார். கருணையில் அல்ல, சரக்கு கெட்டுவிடுமே என்று. கும்பிடு போட்டுவிட்டு ஆண்கள் கீழே இறங்கினார்கள்.

பெரியவர் வயலினை எடுத்துத் தோளில் வைத்தார். மனைவி ஓடிப்போய்க் கருவியைத் தட்டினார். வில் தந்தியைத் தொட்டது. ஒரு சுரம் வந்தது, சுத்தமாக. அடுத்தது உதறி, கதவுக் கீல் மாதிரி கிறீச்சிட்டது. அவர் வில்லை இறக்கினார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் மனைவியிடம்.

அடுக்களையில் பழத்தை வாங்கிவைத்த வயலின்காரரின் மனைவி சொன்னார்: "படுத்ததுக்கு அப்புறம் அவரா புதுசா கட்டின பாட்டு உருப்படிம்மா. மனசுலயே வெச்சிருக்காரு. வாசிச்சுப் பதிஞ்சாத்தான் உண்டு, எழுதிவைக்கக் கை வராது. பாதி ஆச்சு. மாத்திரை வேலை செய்யிற நேரமும் மாசா மாசம் சுருங்குது. வைத்தியம் பாக்குற டாக்டர் சொல்லிட்டாரு, இன்னும் கொஞ்ச நாள்ல இந்த மாத்திரையும் கேக்காதாம். அதுக்குள்ள முடிச்சா முடிச்சதுதான்."

"கதவைத் தொறக்காதீங்க அக்கா."

"பூட்டிப் பாத்தேனே! தட்டுத் தடுமாறி எழுந்துபோய் அவரே தொறந்துட்டாரு. ரசிகனை வாசல்ல நிக்கவெச்சா பாவமாம்." அக்கா மூக்கை உறிஞ்சினார். "எந்தப் படுபாவி இவனுங்களுக்கு நேரத்தைச் சொன்னானோ, அவன் நாக்குல புழு வைக்க."

"நான்தான் அக்கா," என்றாள்.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பழப்பையை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தட்டுகளைக் கட்டிலில் பரப்பி உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, அவருக்கு அந்த நேரம் ஒண்ணுதான் மிச்சம். விட்டுடுங்களேன்."

"நான் விட்டா டாக்டர் விட மாட்டான். டைல்ஸ்காரன் விட மாட்டான். நான் மட்டும் இளிச்சவாயனா?" தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். "இந்தா பாரு, இன்னும் ரெண்டு மாசமோ மூணு மாசமோ. அதுக்கப்புறம் யாருக்கும் கிடைக்காது. அவர் போயிட்டாருன்னா இதோட விலை எங்க நிக்கும் தெரியுமா?"

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சொல்வார்கள். இந்த மனிதர் வீடு எரிவதற்கு நாள் குறித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் விரலை நக்கித் தட்டின் ஓரத் தூசியைத் துடைத்தார். இத்தனை வருஷம் இந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கடையிலிருந்தே அக்காவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, உங்க மேல ஒரு பழி போடப் போறேன். அனுமதி குடுங்க."

விவரம் கேட்டதும் எதிர்முனையில் ஒரு சிரிப்பு. "போடும்மா, தாராளமா போடு. இத்தனை வருஷம் நல்ல பேரு வாங்கி என்னத்தக் கண்டேன்?"

அடுத்த வட்டமும் அவள் வீட்டிலேயே கூடியது. பெருமையாகக் காட்டக் கணவரிடம் புதுச்சரக்கு இருந்ததே. வயலின்காரரின் தட்டுகள் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தபோது அவள் டீயோடு வந்தாள்.

"அந்த அக்காவுக்கு என்ன கை!" என்றாள், யாரையும் பார்க்காமல். "அப்படியே அச்சு அசலா போடுறாங்க. கடைக்கு வந்தப்போ ரசீதுல போட்டுக் காட்டினாங்க பாருங்க, கீழ கோடு உட்பட."

டாக்டரின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "எந்த அக்கா?"

"வயலின் வீட்டு அக்காதாங்க. பாவம், அவரால எவ்வளவுதான் போட முடியும்? நீங்க கட்டுக் கட்டா விட்டுட்டு வந்துடுறீங்க. ஐயோ, உங்களுக்குத் தெரியாதா?"

டைல்ஸ் கடைக்காரர் ஒரு தட்டைத் தூக்கிக் கண்ணருகே வைத்தார்.

"அதானே பாத்தேன்! நடுக்கவாதக்காரன் கையில, விட்டுட்டு வந்த கட்டுல கூடக் கோடு எப்படி இவ்வளவு நேரா வரும்?"

"இது நானே நின்னு வாங்கினது," என்றார் டாக்டர்.

"நின்னு வாங்கினது எதுன்னு இப்ப யாரு கண்டா? போன மாசம் நீங்களும்தானே கட்டை விட்டுட்டு வந்தீங்க? எதை எதோட கலந்தீங்களோ!"

"யோவ், வாயை அடக்கிப் பேசு."

"பல்லாவது அந்தப் பாட்டுக்காரரோடதா, இல்ல உங்க கம்பவுண்டரோடதா?"

பிறகு கேட்க வேண்டுமா! ஒருவர் சரக்கை இன்னொருவர் பொய் என்றார். நேராக இருந்தால் அந்தம்மா போட்டது. நெளிந்திருந்தால் யார் போட்டதோ. கணவர் எழுந்து நின்று கத்தினார். "நான் என் கண்ணால பாத்தேன்! ஒவ்வொண்ணும் என் எதிர்ல போட்டது!" சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "நீயும் அங்கதானே இருந்தே? சொல்லு! பாத்தியா இல்லையா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பார்த்திருந்தாள். பேனாவை விரலிடுக்கில் செருகியதைப் பார்த்தாள். ஒவ்வொரு கோடும் அந்த மனிதரின் நேரத்தைத் தின்றதைப் பார்த்தாள்.

"நான் அடுக்களையில இருந்தேங்க," என்றாள். "நான் எதையும் பாக்கலையே."

வட்டம் அன்றே பாதி கலைந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாரம் திரும்புவதற்குள் வயலின்காரர் கையெழுத்து என்றாலே எல்லோரும் கையை உதறினார்கள். மாடிப் படியில் ஆள் ஏறுவது நின்றது.

கணவர் சுவரிலிருந்து வயலின்காரரின் கையெழுத்துச் சட்டங்களைக் கழற்றினார்.

"ஏங்க, நீங்கதான் கண்ணால பாத்தீங்களே?" என்று கேட்டாள். ஒரு நப்பாசை. ஆமாம், அவர் கைதான், இது இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நடந்ததையெல்லாம் ஒத்துக்கொள்ளலாம் என்றுகூட அவளுக்கு இருந்தது.

"பாத்தேன்தான். பாத்து என்ன பண்ண? மத்தவன் நம்பலையே," என்றார். சட்டங்களைக் குளியலறைக்கு வெளியே, பழைய வாளிகளுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு வந்தார். காலி ஆணிகளில் வேறு எதை மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

சில வாரம் கழித்து அக்கா கடைக்கு வந்தார். மாத்திரையின் அளவு கூடியிருந்தது. அவள் எடுத்துக் கட்டும்போது, அக்கா ஒன்றும் சொல்லாமல் கைபேசியைக் கல்லாமேல் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். வயலின் எழுந்தது. பக்கத்தில் ஒருவர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் காத்திருக்கச் சொல்லிக் கை காட்டினாள். நடுவில் ஓரிடத்தில் வில் உதறியது. அதை மறைக்காமல், உதறலோடே கடந்து, உருப்படி முடியுமிடம்வரை போயிற்று.

"முடிச்சிட்டாரு," என்றார் அக்கா. "ரசிகருங்க ஏன் வர்றதில்லைன்னு தினம் கேக்குறாரு. உங்க உடம்பு சரியானதும் வருவாங்கன்னு சொல்லிவெச்சிருக்கேன்." மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது கணவர் உற்சாகமாக இருந்தார். சோற்றை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, அந்த வீணைக்கார அம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதாம், கேள்விப்பட்டியா? இன்னும் கொஞ்சநாள்ல ஒண்ணும் தெரியாதாம். சொட்டு மருந்து விட்டா மட்டும் கொஞ்ச நேரம் தெளிவாத் தெரியுதாம். அந்த மருந்தை உங்க கடையிலதான் வாங்குறாங்களா? எத்தனை மணிக்கு விடுவாங்க?"

அவர் வாயோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.