ஒரு சுற்று டேப்

என் மனைவி பிரென்னா அந்த ராக்கெட்டை டிசம்பரில் கட்ட ஆரம்பித்து ஜனவரிக் கடைசியில் முடித்தாள். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மளிகைக் கடையின் கார் நிறுத்தத்தில், அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. வயது முப்பத்தொன்று. ஜூன் மாதம் நான் ராக்கெட்டைப் போர்வையில் சுற்றி வண்டியின் பின்னால் கட்டி, மேய்ச்சல் நிலத்துக்கு எடுத்துப் போனேன்.

கான்சாஸில் எங்கள் சங்கம் மாதம் ஒரு சனிக்கிழமை அங்கேதான் ராக்கெட் விடும். நிலத்துக்காரர் அன்று மாடுகளை வடக்கு வேலிக்கு அப்பால் ஓட்டிவிடுவார். பெரிய மோட்டார் வைத்த ராக்கெட் விடச் சான்று வேண்டும். எனக்கு முந்தைய வருடமே கிடைத்துவிட்டது. பிரென்னாவுக்கு இதுதான் சோதனை. அவளே கட்ட வேண்டும், அவளே விட வேண்டும், ராக்கெட் சேதமில்லாமல் திரும்ப வேண்டும். முதலாவது மட்டும் நடந்தது.

ஒருமுறை விட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் வைத்த அலமாரியிலேயே வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். முழுசாகக் கொண்டுபோக வேண்டும். வேறு எதுவும் யோசிக்கவில்லை.

பாதுகாப்பு மேசையில் லொரெய்ன் இருந்தார். ஐம்பது வயதுப் பல் மருத்துவர். பிரென்னாவின் சிநேகிதி. சோதிப்பவர் போடும் ஆரஞ்சு மேல்சட்டை போட்டிருந்தார். அவர் கையெழுத்துப் போடாமல் எதுவும் ஏவுகம்பிக்குப் போகாது.

"வாப்பா வேட். கொண்டுவந்துட்டியா."

"ம்."

"பெயின்ட் அடிக்கவே இல்லையே இது."

"வேணாம்னுட்டா. வெயிட் கூடுமாம்."

"வெயிட்டாவது ஒண்ணாவது. சோம்பேறி." ராக்கெட்டை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டார். "பேர் என்ன வச்சா?"

"இதோ வந்துட்டேன்."

என் பின்னால் வரிசையில் நின்ற ஏர்ல் சிரித்தார். "பேரைக் கேட்டா என்னமோ சொல்றியேப்பா."

"அதாங்க பேரு," என்றேன்.

"பத்து மணிக்கு வரச் சொன்னா பன்னெண்டுக்கு வருவா," என்றார் லொரெய்ன். "நடுவுல நாலு தடவை போன் பண்ணி இதையேதான் சொல்லுவா. குளிச்சிருக்கக்கூட மாட்டா."

பேசிக்கொண்டே வால் சிறகுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. பிரென்னா எபாக்ஸிப் பசை போட்டால் போட்டதுதான். பிறகு முனையில் இருந்த பிளாஸ்டிக் கூம்பைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினார். குழாய் விழாமல் தொங்கியது. அது சரி. அப்படியே உதறினார். குழாய் நழுவ வேண்டும். நழுவவில்லை. இன்னும் பலமாக உதறினார்.

உச்சிக்குப் போனதும் மோட்டாரில் உள்ள கொஞ்சம் கருமருந்து வெடித்துக் கூம்பைத் தள்ளும். கூம்பு போனால்தான் பாராசூட் வெளியே வரும். கூம்பு தளர்ந்திருந்தால் பாதி வழியிலேயே கழன்றுவிடும். இறுகியிருந்தால் கழலவே கழலாது. அதனால் கூம்பின் அடியில் டேப் சுற்றி அளவு பார்ப்போம். பிரென்னா குளிர்காலத்தில், நிலவறையில் உட்கார்ந்து சுற்றியது. ஜூன் வெயிலில் எல்லாம் உப்பியிருந்தது.

"ஒரு சுத்தைப் பிரிச்சுட்டு வா," என்றார் லொரெய்ன். "ஒண்ணு போதும்."

வண்டிக்குப் போய்க் கூம்பை முறுக்கி உருவினேன். டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பப் பார்த்தேன். மேல் சுற்றுக்கு அடியில் ஒரு முடி இருந்தது. நீளமான, செம்பட்டை முடி. சுற்றும்போது விழுந்து அகப்பட்டிருக்கிறது. டேப்பைப் பிரித்தால் அது அறுந்து, பசையோடு சுருண்டு, ஒன்றுமில்லாமல் போய்விடும்.

வீட்டில் அவள் சீப்பை என் மாமியார் நல்ல எண்ணத்தில் கழுவி வைத்துவிட்டிருந்தார்.

பாராசூட் மடிக்கும்போது ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடர் டப்பா பக்கத்தில் இருந்தது. டேப்பின் மேல் கொட்டித் தேய்த்தேன். கூம்பைச் செருகி உருவினேன். கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. மாதிரிதான் இருந்தது. எனக்குத் தெரியும்.

லொரெய்ன் மறுபடி தூக்கி உதறினார். பல தடவை உதறியதும் விரல் அகலம் நழுவி நின்றது. கூம்பை உருவி அடியைப் பார்த்தார். கட்டைவிரலால் டேப்பைத் தடவினார். விரல் அந்த முடி இருந்த இடத்தில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் யாரோ செருமினார்கள்.

"பிரிச்சாச்சா?"

நான் கூம்பையே பார்த்தேன்.

கூம்பை மெதுவாகச் செருகினார். கையெழுத்துப் போட்டார். "போ, கண்ணு."

ஏவுகம்பியில் ராக்கெட்டை ஏற்றி, தீப்பற்றும் ஒயரை மாட்டிவிட்டுத் தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் வந்து நின்றேன். ஏவுதலை நடத்தும் கர்ட் ஒலிபெருக்கியில் அறிவித்தார். "அடுத்தது வேட் விடுறாரு. கட்டினது பிரென்னா. பேரு, இதோ வந்துட்டேன்." தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்களும் சிரித்தார்கள். ஐந்திலிருந்து கீழே எண்ணினார்.

நேராகப் போனது. சாயவில்லை, சுழலவில்லை. அவ்வளவு நேராகப் போன ராக்கெட்டை நான் கட்டியதே இல்லை. பக்கத்தில் யாரோ "அடேயப்பா" என்று மெதுவாகச் சொன்னார்கள். உச்சியில் படுத்தது. வால் பக்கம் சின்னதாக ஒரு புகை. கருமருந்து வெடித்துவிட்டது. கூம்பு கழலவில்லை. ராக்கெட் தலையைக் கவிழ்த்தது.

"மேலே பாருங்க," என்றார் கர்ட். குரல் மாறியிருந்தது. "பாராசூட் இல்லை. எல்லாரும் எழுந்திருங்க. மேலே பாருங்க."

அப்படி ஒன்று வரும்போது பார்த்தவர்கள் கையை நீட்டிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பார்க்காதவர்கள் அந்தக் கையைப் பார்த்து விலகுவார்கள். மைதானம் முழுக்கக் கைகள் நீண்டன. எல்லாக் கைகளும் சேர்ந்து கீழே இறங்கின. என் கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டியடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு அடி.

கார் வரிசைக்குப் பின்னால் விழுந்தது. ஏர்லின் மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில். நாற்காலி காலியாக இருந்தது.

"கடுகு சாஸ் எடுக்கப் போனேன்," என்றார் ஏர்ல். கையில் ரொட்டி இருந்தது. "என் பொண்டாட்டி சாஸ் தின்னாதே, தின்னாதேன்னுவா." யாரும் சிரிக்கவில்லை. அவர் ரொட்டியை நாற்காலிமேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

லொரெய்ன் வந்து பார்த்தார். குழாய் கசங்கி மடிந்து, வால் சிறகுகள் மட்டும் புல்லுக்கு மேலே நின்றன. குனிந்து ஒன்றை அசைத்துப் பார்த்தார். பிறகு மேல்சட்டையைக் கழற்றி மடித்துக் கர்டிடம் கொடுத்தார்.

"இன்னைக்கு இனிமே நான் சோதிக்கலை. வேற ஆளைப் போட்டுக்க."

"லொரெய்ன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"ஆகலை. அவரு சாஸ் எடுக்கப் போனாரு. அதனால ஆகலை."

கர்ட் என்னிடம் மண்வெட்டி கொடுத்தார். அவரவர் குழியை அவரவர் மூட வேண்டும். மாடு கால் விட்டால் முறிந்துவிடும். ராக்கெட்டைத் தோண்டி எடுத்தேன். கூம்பு குழாயோடு ஒன்றாக நசுங்கியிருந்தது. இழுத்தால் வரவில்லை. மேலும் இழுக்கவில்லை. போர்வைமேல் வைத்துவிட்டு மண்ணைத் தள்ளி மிதித்தேன். பிப்ரவரியில், கல்லறையில், இந்த வேலையை ஒரு இயந்திரம் செய்தது. நாங்கள் அதற்குள் காரில் ஏறிவிட்டோம்.

லொரெய்ன் தன் காரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பவில்லை. போய் நின்றேன்.

"நான் பிரிக்கல. பவுடர்தான் போட்டேன்."

"தெரியும். விரல்ல ஒட்டுச்சு."

"எம்மேலதாங்க தப்பு."

"உன்மேல தப்பு இருக்கட்டும். அதைக் கண்டுபிடிக்கத்தானே என்னை அங்க உட்கார வச்சிருக்காங்க."

பிப்ரவரியிலிருந்து யாரும் என்னிடம் முடியாது என்று சொன்னதில்லை. அலுவலகத்தில் கேட்ட விடுப்பெல்லாம் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே என் புல்லை வெட்டினார். சாப்பாடு மீந்து கெட்டுப்போகும் அளவுக்கு வந்தது. நான் கடைசியாக யாரோடு சண்டை போட்டேன் என்று யோசித்தால் பிரென்னாதான் நினைவுக்கு வந்தாள்.

இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். எல்லோரையும் போல என்னையும் நடத்தலாம், நான் உடைந்துவிட மாட்டேன், நீங்கள் இவ்வளவு வருத்தப்பட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"வேற யாரா இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பீங்க."

"ஆமா."

"என்னையும் அனுப்பியிருக்கலாம்."

அவர் முகத்தைப் பார்த்ததும் அது குற்றம் சொல்கிற மாதிரி அவர் காதில் விழுந்தது என்று புரிந்தது. கையில் மண்வெட்டி இருந்தது.

"அனுப்பியிருக்கணும், வேட்," என்றார். "கண்டிப்பா அனுப்பியிருக்கணும்."

கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். கர்ட் அடுத்த ராக்கெட்டின் பெயரை அறிவித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிலத்தின் வாசலில் நின்றது. அவர் இறங்கி வேலிக் கதவைத் திறந்தார், காரை வெளியே எடுத்தார், மறுபடி இறங்கி வந்து சாத்தினார். மாடுகள் வேறு பக்கம் இருந்தன. ஆனாலும் கொண்டியை மாட்டிவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.