அழகுத்தாய் வேலைக்குப் போன நாள்

வாய் திறவாமல் நாடிக்கட்டுப் போடுவதற்காகச் சந்தனம் பழஞ்சேலைக் கரையைக் கிழித்துக்கொண்டிருந்தான். பாதி கிழிவதற்குள் பக்கத்து வீட்டு மூக்கம்மாள் உள்ளே நுழைந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கிழிக்காதீக அண்ணே. சத்தம் வெளிய கேக்குது."

துணி கிழிகிற சத்தம். அதற்கே அப்படிச் சொன்னாள்.

அழகுத்தாய் பாயில் கிடந்தாள். விடியப்போகிற நேரத்தில் தண்ணீர் கேட்டாள். அவன் சொம்பைக் கொண்டுவருவதற்குள், கேட்டதையே மறந்துபோனவள் மாதிரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தொட்டுப் பார்த்தபோது முடிந்திருந்தது. இருபத்தாறு வருஷம். தலையில் ஒரு சட்டி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு போடி வழியாக இந்தத் தேயிலை மலைக்கு ஏறி வந்தவள். பிள்ளை முதல் மழையிலேயே போய்விட்டது. அப்புறம் ஒன்றும் தங்கவில்லை. சண்டை போடுவதற்குக்கூட அவனுக்கு அவளை விட்டால் ஆளில்லை.

அவன் அழுவதற்கு வாயெடுத்தான். மூக்கம்மாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. வாயை மட்டும் இறுக மூடியிருந்தாள்.

"மதினிக்கு ரெண்டு நாளா வயித்தால போச்சு. துணி அலசுனவ நான். லயத்துல எல்லாருக்கும் தெரியும். நீங்க சத்தம் போட்டீகன்னா அம்புட்டுப் பேரும் கொட்டகைக்குத்தான்."

பெருவெள்ளம் வந்து பாதையெல்லாம் பிய்த்துக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம் அது. மலையில் வாந்திபேதி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் கண்டால் போதும், அந்த லயத்து வீட்டு வரிசை முழுவதையும் எஸ்டேட்டில் காலி பண்ணிவிடுவார்கள். பாய், துணி, கோழிக்கூடு எல்லாவற்றிலும் சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். ஆட்களைக் காட்டோரக் கொட்டகையில் அடைத்து வெளியே காவல் போடுவார்கள். சித்திரையில் மேல் லயத்திலிருந்து பதினாலு பேர் போனார்கள். அஞ்சு பேர் வந்தார்கள். நோயில் செத்தது எத்தனை, குளிரில் செத்தது எத்தனை என்று எந்தத் துரையும் சொல்லவில்லை. கேட்டாலும் நிஜம் சொல்லியிருக்க மாட்டான்.

கங்காணி பெரியமுத்து வாசலில் வந்து நின்றார். அவர் பின்னால் லயத்து ஆட்கள். இவனிடம் கேட்க வரவில்லை, பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"ஏ சந்தனம், நல்லாக் கேட்டுக்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மருந்துக்காரரு லயத்துக்கு வருவாரு. பெரட்டுல பேரு விழாத வீட்டத்தான் தொறந்து பாப்பாரு. அதனால அழகுத்தாய் இன்னைக்கு வேலைக்கு வாரா."

"என்ன சொல்லுதீரு கங்காணியாரே?"

"பேருக்கு வாரா. மூக்கம்மா அவளுக்கும் சேத்துக் கொரல் குடுப்பா. சாயங்காலம் வேலை விட்டு வந்து, அப்பாடான்னு உக்காந்தா, போயிட்டா. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவளுக்கு வாந்திபேதின்னு எவன் சொல்லுவான்? அதுக்கப்புறம் நீ அழு. நாங்களும் அழுவோம். வேணுங்கிற மட்டும் அழலாம்."

"அவளுக்கு வெறும் காய்ச்சல்தான்."

"இருக்கலாம். அத யாரு போயி அங்க சொல்ல?"

"நான் இங்கன இருந்துக்கிடுதேன். அவள ஒத்தையில போட்டுட்டு எப்பிடி..."

"நீ இருந்தா ஒம் பேரு விழாது. ஒம் பேரு விழலன்னா கதவத் தொறப்பாக."

சந்தனம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு முகமாவது வேறு மாதிரி இருக்குமா என்று பார்த்தான். நாற்பது வீட்டுக்கும் ஒரே முகம்தான் இருந்தது. கோபமாக நின்றிருந்தால் இவனும் கோபப்பட்டிருப்பான். அவர்கள் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள்.

"மாமா," என்றான் செல்லத்துரை. சிரிக்க வைப்பதே தொழிலாகத் திரிகிறவன். அன்றைக்கு அவன் குரலே வேறு. "எம் பிள்ளைக்கு இன்னும் பேருகூட வைக்கல மாமா."

அவனைத்தான் சந்தனம் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு விலகி வழி விட்டான்.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் பாய் தெரியும். ஆகவே மூலையில் விறகு அடுக்குக்குப் பின்னால் அவளைக் கொண்டுபோய் வைத்தார்கள். இடம் குறுகல். முழங்காலை மடக்கி, நெஞ்சோடு சேர்த்து உட்கார வைத்து, மேலே கம்பளியைப் போட்டு மூடினார்கள். அப்போது கால் இளக்கமாகத்தான் இருந்தது, சொன்னபடி மடங்கியது. சந்தனம் கதவைப் பூட்டினான். பூட்டு சரியாக விழுந்ததா என்று கங்காணி ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடுகிற இடம்தான் பெரட்டுக் களம். மூட்டம் கவிந்து ஆளுக்கு ஆள் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை குடைக்கடியில் தலை நிமிராமல் வாசித்தான்.

"அழகுத்தாய்."

"இருக்கேன்யா."

பெண்கள் கூட்டத்தில் ஏதோ ஒரு கம்பளிக்குள்ளிருந்து வந்தது அது. சொல்லிவிட்டு லேசாக இருமியும் வைத்தாள் மூக்கம்மாள். ஒரு வாரமாக அழகுத்தாய் அப்படித்தான் இருமினாள். சந்தனம் தன்னை மீறித் திரும்பிப் பார்த்துவிட்டான். பக்கத்தில் நின்ற செல்லத்துரை அவன் காலை மிதித்தான்.

ஆண்களுக்குக் கவாத்து வேலை. செடியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடவேண்டும். செல்லத்துரையை அவனுக்கு அடுத்த வரிசையில் போட்டிருந்தார்கள். யாராவது மேலேயிருந்து பார்த்தால் கலகலப்பாகத் தெரியவேண்டும் என்று அவனுக்கு உத்தரவு.

"ஏ மாமா, கத்திய இப்பிடி ஓங்குதீரே, செடி என்ன ஒமக்குக் கொழுந்தியாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சுக்கு அவ்வளவு சிரிப்பு ஆகாது. கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் வந்தபோது இன்னொருவன் உரக்கச் சொன்னான்:

"நேத்து அத்த வச்ச கருவாட்டுக் கொழம்பு வாசம் எங்க வீட்டையே தூக்கிட்டுப் போச்சு. மாமனுக்குக் குடுத்து வச்சிருக்கு!"

நேற்று அவள் கஞ்சியையே வாயில் வாங்கவில்லை. சந்தனம் குனிந்து வெட்டிக்கொண்டே போனான். கத்தி தப்பி ஒரு செடியை அடியோடு சாய்த்தது. ஒருவன் வந்து அதை எடுத்துச் சரிவில் வீசிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். தன்னை நாற்பது கண் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. துரை பார்க்கிறதைவிட அது பாரமாக இருந்தது.

உச்சிக்கு மருந்துக்காரர் மலையேறி வந்தார். லயத்தைப் பார்த்துவிட்டு நேரே போய்விடுவார் என்றுதான் நினைத்திருந்தார்கள். மலையாளத்துக்காரர், குடை பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். நல்ல மனுஷன் என்று சொல்வார்கள். கொட்டகைக்கு ஆள் அனுப்பக் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான்.

"சந்தனம் ஆரா?"

"நான்தான்யா."

"உன் பாரியைக்குப் போன வெள்ளி நான் மருந்து தந்தது. இன்னைக்கு வீடு பூட்டிக் கிடக்கு. பேரு பெரட்டுல உண்டு. வேலைக்கோ வந்தா?"

"வந்திருக்காய்யா."

"அந்தக் காய்ச்சலோடயா? இந்த மழையிலயா? நீயல்லே விட்டது? மனுஷனோ நீ?"

இருபது கத்தியும் நின்றுவிட்டது. மழைத்தூறல் இலையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லத்துரை வாயைத் திறந்தபடி நின்றான்.

மருந்துக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "இப்ப எப்படி உண்டு அவளுக்கு?"

விடிந்ததிலிருந்து அவளைப் பற்றி அவனிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. சந்தனம் கத்தியை மண்ணில் ஊன்றிக்கொண்டான்.

"நல்லாருக்காய்யா," என்றான்.

"ராத்திரி சூடா கஞ்சி கொடு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. வேலைக்கு விடாதே, கேட்டியா?"

"சரிய்யா."

அவர் இறங்கிப் போனார். குடை மூட்டத்துக்குள் மறைந்தபிறகுதான் கத்திகள் மறுபடி விழத் தொடங்கின. செல்லத்துரை வெற்றிலையை நீட்டினான். சந்தனம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். மென்றானா என்பது அவனுக்கே தெரியாது.

சாயங்காலம் லயத்துக்குத் திரும்புகிற வழியில் மூக்கம்மாள் அவன் பக்கத்தில் நடந்தாள். இரண்டு கூடை சுமந்திருந்தாள்.

"பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் ஆளுக்கு ரெண்டு கை அள்ளிப் போட்டோம்ணே. மதினி பேருல இன்னைக்கு விழுந்த கொழுந்து, அவுக எடுக்கிறதவிட நாலு ராத்தல் கூட."

அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

லயத்துக்கு வந்து சேர்ந்ததும், சாவு இப்போதுதான் தெரிந்த மாதிரி எல்லாம் தொடங்கியது. கங்காணி கண்ணைக் காட்டினார். தப்பு முழங்கியது. பெண்கள் கூந்தலை அவிழ்த்துப் போட்டு வாசலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து அடக்கி வைத்தது ஒரேயடியாய் வெடித்தது. பொய்யழுகை என்று சொல்ல முடியாது. கொட்டகைக்குப் போய்த் திரும்பாத ஒன்பது பேருக்கும் சேர்த்து அழுதார்கள் போலிருந்தது. மார்பில் அடித்துக்கொள்கிற சத்தம் லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

"இப்ப அழுலே," என்றார் கங்காணி. "இனிமே அழலாம்."

சந்தனம் நின்றான். வாயைக்கூடத் திறந்து பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

கீழ் லயத்திலிருந்து துஷ்டிக்கு வந்த ஒரு கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொண்டாட்டி போயிட்டா. மரம் மாதிரி நிக்கான் பாரு. காய்ச்சக்காரிய மழையில வேலைக்கு வேற அனுப்பியிருக்கான். இவனெல்லாம் ஒரு ஆம்பள!"

உண்மை தெரிந்த நாற்பது வீட்டுக்காரரில் ஒருவரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

உள்ளே விறகை விலக்கி அழகுத்தாயைத் தூக்கிப் பாயில் கிடத்தினார்கள். அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். முழங்கால் நெஞ்சோடு ஒட்டி மரக்கட்டையாக விறைத்திருந்தது. பாயில் போட்டால் ஒரு பக்கமாய் உருண்டாள்.

கங்காணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இருட்டுறதுக்குள்ள கணக்கப்பிள்ளை வந்து பாத்துட்டுத்தான் குழிக்கு உத்தரவு குடுப்பான். இப்பச் செத்தவ எப்பிடி வெறச்சான்னு கேக்க மாட்டானா?" வேட்டியை மடித்துக் கட்டினார். "செல்லத்துரை, நீ தோளப் பிடி. நான் முட்டிய அமுக்குதேன். சடக்குன்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்."

அவர் கை முழங்காலில் படுவதற்கு முன் சந்தனம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாதீரும்."

"லயத்த நெனச்சுப் பாருலே."

"விடிஞ்சதுலருந்து அதத்தான் நெனச்சிட்டிருக்கேன். வெளிய போங்க."

"சந்தனம்..."

"எல்லாரும் போங்க."

அவன் கத்தவில்லை. செல்லத்துரைதான் முதலில் எழுந்தான். அவன் எழுந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கங்காணி கடைசியாகப் போனார். மூக்கம்மாள் குளிப்பாட்டுவதற்காகக் காய்ச்சிய வெந்நீர்ப் பானையைக் கொண்டுவந்து அடுப்போரம் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சந்தனம் தாழ்ப்பாளைப் போட்டான். இழவு வீட்டுக் கதவை உள்ளே தாழிட்டவன் அந்த லயத்தில் அதுவரை யாருமில்லை.

சாக்குத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அவள் முழங்காலில் சுற்றினான். சூடு இறங்கும்வரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தான். பிறகு கட்டைவிரலால் முட்டிச் சில்லைச் சுற்றி மெல்லத் தேய்த்தான். மறுபடி நனைத்தான். மறுபடி பிழிந்தான்.

வெளியே ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை வந்து போகிறவரை நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். குரல்கள் கம்மிப்போய், ஒருத்தி ஓய்ந்தால் இன்னொருத்தி எடுத்தாள்.

"ஏ சந்தனம்," கங்காணி கதவோரம் வாயை வைத்துச் சொன்னார். "கணக்கப்பிள்ளை பாலத்துகிட்ட வந்துட்டான். தொறலே."

அவன் கெண்டைக்காலை உள்ளங்கையில் தாங்கி, அவசரப்படாமல் கீழே இழுத்தான். அசையவில்லை. துண்டைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தான். மறுபடி இழுத்தான். வலது கால் ஒரு விரற்கடை இறங்கியது.

பானையைக் கிட்டே நகர்த்திக்கொண்டு, இடது காலை எடுத்து மடியில் வைத்தான்.