எண்ணெய்க்கா, அப்பனுக்கா

பெங்களூர் லிங்கராஜபுரத்துக் கத்தோலிக்கப் பங்கில் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பட்டிமன்றம் வைப்பது வழக்கம். தலைப்பு ஆண்டாண்டு காலமாக ஒன்றுதான்: குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா. போன ஆண்டு அதைப் பேசி முடித்தபோது சில குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியுமே தனித்தனிப் பூசைக்கு வரத் தொடங்கினார்கள். ஆகவே இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பங்கு மக்கள் யார் மனமும் புண்படாதபடி, இங்கிருந்து வெகுதூரத்தில் நடக்கிற எதையாவது பேசுங்கள்.

அப்போது வெகுதூரத்தில் நடந்துகொண்டிருந்தது ஈராக் போர். அமெரிக்கா அங்கே புகுந்தது எண்ணெய்க்காகவா, அதிபராக இருந்த அப்பன் பாதியில் விட்ட பகையை, இப்போது அதிபரான மகன் முடிப்பதற்காகவா என்று தலைப்புப் போட்டார்கள். பயங்கர ஆயுதங்களைத் தேடித்தான் போனார்கள் என்று பேச மூன்றாவதாக ஓர் அணியும் வைக்கப் பார்த்தார்கள். அந்த அணியில் சேர ஆள் கிடைக்கவில்லை.

நடுவர் ஆம்ப்ரோஸ். தங்கவயல் சுரங்கத்தில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, சுரங்கத்தை மூடியதும் மகளோடு பெங்களூருக்குக் குடிவந்தவர். அவர் சொல்வதில் எது நிஜம், எது புளுகு என்று பிரித்துப் பார்த்தவர் பங்கில் யாரும் இல்லை. இரண்டு அணியும் ஒரே அளவு நம்பாத ஆள் என்பதால் நடுநிலைமைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் அகப்படவில்லை. பொன்னாடை உண்டு என்றதும் ஆம்ப்ரோஸ் தலையாட்டினார். அணித்தலைவர்கள் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. கோயில் வாசலில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் பார்த்தார்.

எண்ணெய் அணிக்கு யேசுதாஸ். அப்பன் அணிக்கு அவர் மனைவி மௌரீன். கணவனையும் மனைவியையும் எதிரெதிரே நிறுத்துவது அந்தப் பங்கின் சம்பிரதாயம். தலைப்பு எதுவானாலும் சனம் அதைப் பார்க்கத்தான் வரும். ஆம்ப்ரோஸ் நோட்டீஸை இரண்டாம் முறை படித்தார். காரணம், அந்தத் தம்பதிதான் அதே வாரம் தங்கள் மகன் கிஷோருக்காக அவர் மகள் டோரீனைப் பெண் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருந்தார்கள்.

டோரீனுக்கு இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை. இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போனது அவளால் அல்ல, ஆம்ப்ரோஸின் வாயால். முதல் வீட்டார், பெண் நன்றாகச் சமைப்பாளா என்று கேட்டார்கள். சமைப்பாள் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். போன கிறிஸ்துமஸுக்கு அவள் பிரியாணி தம்மைத் திறந்தபோது, மேலே போன ஏரோப்பிளேன் இறங்காமல் வீட்டைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டதாகச் சொன்னார். இரண்டாவது வீட்டாரிடம், தன் பாட்டனார் சுரங்கத்துக்குள் ஒரு புலியைத் தூக்குச்சட்டியால் அடித்துக் கொன்ற விவரத்தைச் சொன்னார். அவர்கள் புலியை நம்பினார்கள், தூக்குச்சட்டியை நம்பவில்லை.

நோட்டீஸைப் பற்றிக் கேள்விப்பட்ட டோரீன் சோற்றுத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"டாடி, இந்த வரன் எனக்கு வேணும்."

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து பார்த்தார். அது வேண்டும், இது வேண்டும் என்று அவள் கேட்டு அவருக்கு நினைவில்லை.

"நாளைக்கு நீங்க கதை எதுவும் சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் நல்லா பேசினாங்க, ரெண்டு பேர் சொன்னதும் சரின்னு சொல்லிட்டு எறங்கிடுங்க."

"நடுவர்னா தீர்ப்பு சொல்லணுமேம்மா."

"அதான் தீர்ப்பு."

"சரிம்மா" என்றார் ஆம்ப்ரோஸ். உண்மையாகவே அப்படித்தான் செய்வதாக இருந்தார். இதை அவர் சொல்லி யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் நாம் சொல்லிவைக்கிறோம்.

மறுநாள் சாயங்காலம் பங்கு மண்டபம் நிரம்பி, வாசற்படியிலும் ஆட்கள் நின்றார்கள். ஃபாதர் முன்வரிசையில். டோரீன் நடுவில் எங்கோ. மைக் செட்டைக் கிஷோர் பார்த்துக்கொண்டான். வாயைத் திறக்கவேண்டிய அவசியம் இல்லாத வேலை என்பதால் வருஷாவருஷம் அவனே அதைக் கேட்டு வாங்கிக்கொள்வான்.

யேசுதாஸ் முதலில் எழுந்தார். ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனை பார்த்து ஓய்வுபெற்றவர். எதையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோலப் பேசுவார்.

"நடுவர் அவர்களே, ஒருத்தன் அடுத்தவன் வீட்டுக்குள்ள போறான்னா சும்மா போவானா? உலகத்துல கொடுங்கோலனுக்கா பஞ்சம்? மண்ணுக்கடியில ஒண்ணும் இல்லாத ஊருக்கு எவனாவது ஜனநாயகம் கொண்டுபோய்க் குடுத்திருக்கானா? பாக்தாத்ல மியூசியத்தக் கொள்ளையடிச்சாங்க, ஆஸ்பத்திரியில கட்டில் வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க, யாரும் தடுக்கல. எண்ணெய் மந்திரி ஆபீஸ் வாசல்ல மட்டும் டாங்க் நிக்குது. ஏன், அங்க இருக்கிற மேஜை நாற்காலி மேல அவ்ளோ பாசமா?"

கைதட்டல் அடங்க நேரமானது. மௌரீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தவர். மண்டபத்தில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள் என்பதால் தானாகவே அமைதி வந்தது.

"எண்ணெய் வேணும்னா வாங்கிக்கலாம். விக்கமாட்டேன்னு யார் சொன்னாங்க? கடைக்காரனை அடிச்சு, கடையைக் கொளுத்திட்டு, அப்புறம் பாட்டில நீட்டி எண்ணெய் ஊத்துன்னு கேக்கறவன் உண்டா? இது அப்பன் விஷயம். போன சண்டையில அப்பன் பாதியில திரும்பி வந்தாரு. ஊர் பேசுச்சு. மகனுக்கு அது தொண்டையில மாட்டின முள்ளு. ஆம்பளைங்க சங்கதி எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்கு இவர் கட்டின மூணாவது மாடி எதுக்கு? மூணே பேரு இருக்கோம். எங்க மாமனாரைப் பாத்து பக்கத்து வீட்டுக்காரன், 'உன்னால ரெண்டு மாடிதான் முடியும்'னு என்னைக்கோ சொன்னானாம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரனும் இப்ப இல்ல, மாமனாரும் இல்ல. மூணாவது மாடி மட்டும் நிக்குது. புறா குடியிருக்குது."

சிரிப்பில் கூரை ஓடு ஆடியது. யேசுதாஸின் காது சிவந்தது. பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பு உண்டு, எழுந்தார். அமெரிக்காவை விட்டுவிட்டார்.

"வீட்டு விஷயம் பேசலாம்னா நானும் பேசறேன். போகும்போது விடுதலைம்பாங்க, ஜனநாயகம்பாங்க, பொண்ணு லட்சணமா இருக்கான்னும் சொல்லுவாங்க. திரும்பி வரும்போது என்ன பேசறாங்கன்னு பாக்கணும். இந்த வாரம் நம்ம நடுவர் வீட்டுக்குப் போயிட்டு ஆட்டோவுல ஏறின உடனே நீ என்ன கேட்ட? அவங்களோட கார்னர் சைட், அந்தக் காலி மனை, யார் பேர்ல இருக்குன்னு கேட்டியா, இல்லையா?"

மௌரீன் அசரவில்லை.

"கேட்டேன். கேட்டதுனால அதுக்காகத்தான் போனோம்னு ஆயிடுமா? போனது உங்களாலதான். தங்கவயல்ல உங்கப்பா, வாலிபத்துல தனக்காக, நடுவரோட அத்தை ரத்தினம்மாளைப் பொண்ணு கேட்டுப் போனாரு. காப்பிகூடக் குடுக்காம அனுப்பிட்டாங்க. அதைக் கேள்விப்பட்டதுலேர்ந்து இந்த வீட்டுப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வரணும்னு உங்களுக்கு உள்ள இருக்குது. இல்லன்னா சர்க்கரை வியாதிக்கார மனுஷன் இந்த வாரம் நடுவர் வீட்ல எதுக்கு ரெண்டு தம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடிச்சீங்க?"

வெகுதூரத்தில் நடப்பதைப் பேசச் சொன்ன ஃபாதர் கண்களை மூடிக்கொண்டார்.

ஆம்ப்ரோஸ் மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் தீர்ப்பு சொல்ல முடியாது. ரெண்டு பேர் சொன்னதும் சரி என்று முடித்துவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அப்படிச் சொன்னால், அவளைக் கேட்டு வந்தவர்கள் சைட்டுக்காகவும் வந்தார்கள், பழிக்காகவும் வந்தார்கள் என்று ஊரறியத் தீர்ப்பளித்ததாகும். எண்ணெய் என்றால் மௌரீன் போய்விடுவார். அப்பன் என்றால் யேசுதாஸ் போய்விடுவார். எப்படிச் சொன்னாலும் வரன் போயிற்று. வேறு வழியில்லாமல் எழுந்து, கையில் இருந்த ஒரே சரக்கை எடுத்தார்.

"எங்கப்பா காலத்துல தங்கவயல்ல ஒரு தொரை இருந்தான். மூடிப்போன ஒரு குழிக்குள்ள பெரிய கூட்டத்தோட, கழுதையெல்லாம் கட்டிக்கிட்டு எறங்கினான். உள்ள சிக்கின ஜனங்களைக் காப்பாத்தப் போறேன்னான். உள்ள யாரும் சிக்கல. தங்கத்துக்குத்தான் போறான்னு பாதிப் பேரு சொன்னாங்க. அவங்கப்பன் அந்தக் குழியில கைக்கடியாரத்தைத் தொலைச்சிட்டான், அதைத் தேடப் போறான்னு மீதிப் பேரு சொன்னாங்க. அடிதடி ஆயிடுச்சு. கடைசியில, குழியையே கேட்டுடலாம்னு வாயில நின்னு எல்லாரும் ஒண்ணா கத்தினாங்க. ஆழம் ஜாஸ்தி பாருங்க. செவ்வாக்கெழமை கத்தினது அடியில போய்ச் சேரவே வெள்ளிக்கெழமை ஆச்சு."

டோரீன் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"பதில் வந்ததா?" என்றார் ஃபாதர், கண்களைத் திறந்து.

"அடுத்த வாரம் வந்துச்சு ஃபாதர். 'இத்தினி நாளா என்னை யாருமே கேக்கலையே'ன்னுச்சு." ஆம்ப்ரோஸ் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இங்கயும் ரெண்டு அணி பேசுச்சு. ஈராக் பேசல. ஈராக் தரப்புல யாராவது பேசினாத்தான் தீர்ப்பு."

சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டோரீன் நேரே மேடைக்கு வந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"நான்தான் ஈராக்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"அந்தக் கார்னர் சைட்ல பாதிக்கு மேல ராஜகாலுவே போகுது. மழைத்தண்ணி வாய்க்கால். கார்ப்பரேஷன்காரங்க கல்லு நட்டுட்டுப் போயிட்டாங்க. அங்க வீடு கட்ட முடியாது. மழை பெஞ்சா மீன் பிடிக்கலாம். அதனால எண்ணெய் இல்ல. ரத்தினம்மாள் பாட்டி தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில உயிரோடதான் இருக்காங்க. காது கேக்காது. பழி தீத்துக்கிறவங்க கொஞ்சம் சத்தமாத் தீத்துக்கணும். இதெல்லாம் தெரிஞ்சும் உள்ள வரணும்னு நெனைக்கிறவங்க வரலாம். எதுக்குன்னு சொல்லிட்டு வரணும்."

மைக் செட் மூலையில் ஏதோ கீழே விழுந்தது. கிஷோர் எழுந்து நின்றான். கையில் ஒயர்.

"இவங்களைப் பத்திக் கல்யாணத் தரகர் காதுல போட்டது நான்தான்" என்றான். "வீட்ல தெரியாது."

யேசுதாஸும் மௌரீனும் முதன்முறையாக ஒரே அணியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிவாஜிநகர் பஸ்ல ஒரு நாள் பின்சீட்ல இவங்க பக்கத்துல எடம் கெடச்சுது. தூங்கி என் தோள்ல சாஞ்சிட்டாங்க. நான் ஃப்ரேசர் டவுன்ல எறங்கணும். எழுப்ப மனசு வரல. சிவாஜிநகர் வரைக்கும் போயிட்டு நடந்து வந்தேன். அப்புறமும் சில நாள் அப்படித்தான் ஆச்சு. அவ்ளோதான். சைட் இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்."

டோரீன் மைக்கில் வாயை வைத்தாள்.

"நான் தூங்கல."

மண்டபம் அதிர்ந்தது. ஃபாதர்கூட நாற்காலிக் கையைத் தட்டினார். சத்தம் அடங்கும்வரை ஆம்ப்ரோஸ் பொறுத்திருந்து, தீர்ப்புக்கு எழுந்தார்.

"அமெரிக்கா எதுக்குப் போச்சுன்னு கேட்டா அமெரிக்காவுக்குள்ளயே ஒரே பதில் கிடைக்காது. அங்கயும் ஆயிரம் யேசுதாஸு, ஆயிரம் மௌரீன் இருப்பாங்க. எண்ணெய்க்குப் போனவன் எண்ணெய்க்குப் போனான், அப்பனுக்குப் போனவன் அப்பனுக்குப் போனான். ஆனா ஒண்ணு. நம்ம கோயில்ல ஒரு கல்யாணம்னாலே மூணு ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு கேக்கறோம். அங்கயும் ஓலை வாசிச்சாங்க. ஊரு ஊருக்கு ஜனம் ரோட்டுல எறங்கி, தடை இருக்குன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறமும் உள்ள போனவன், எதுக்குப் போனாலும் தப்பு. தீர்ப்பு பொண்ணு தரப்புக்கு."

பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு அணிகளும் தோற்ற பட்டிமன்றம் அந்தப் பங்கில் அதுவே முதல்.

தேநீர் கொடுக்கும் இடத்தில் மௌரீன் வந்து ஆம்ப்ரோஸின் எதிரே நின்றார். வரன் வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார் என்று ஆம்ப்ரோஸ் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் அண்ணா, உங்க பொண்ணு எவ்ளோ நாளா தூங்கற மாதிரி நடிக்குது?"

"எனக்குத் தெரியாதும்மா. வீட்ல நெஜமாத்தான் தூங்குது."

மௌரீன் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் யேசுதாஸ், அமெரிக்காவுக்குப் பதிலாகத் தன்னை ஏன் இழுத்தார்கள் என்று ஃபாதரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மைக்கப் புடிச்சு நாலு வார்த்தையில இந்த மனுஷன் வாயை மூட வெச்சா பாருங்க. முப்பது வருஷமா என்னால முடியல. என் பக்கம் ஒரு ஆள் வேணும் அண்ணா. வர்ற ஞாயிறே மொத ஓலை போட்டுடலாம்."

இது எண்ணெயிலும் சேராது, அப்பனிலும் சேராது என்பது ஆம்ப்ரோஸுக்குப் புரிந்தது. சொல்வதற்கு ஒரு கதைகூட நாக்கு நுனிவரை வந்தது. தேநீரை எடுத்து அதன்மேல் ஊற்றிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார்.