அல்பிரட் மிசிஸுக்குத் தைத்த போர்வை

இதை நான் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. மேசைத்துணியின் ஓரத்தில் இருந்தவை நீலக் கிளிகள் என்று மனதில் நிற்கிறது. மீன்கொத்திகள் என்று சொன்னவர்களும் உண்டு. ஆண்டு அறுபத்தொன்பதா, எழுபதா? ஆனால் அன்று அந்த அறையில் யார் பேசினார்கள், யார் பேசாமல் நின்றார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன வருடம், புறப்பட்டுப் போன ஒரு துரையின் மனைவி அந்த மேசைத்துணியை கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டில் கிளாக்கராய் இருந்த அல்பிரட்டின் மனைவிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஊரில் அவருக்கு அல்பிரட் மிசிஸ் என்றே பேர். புஷ்பவதி அப்போது அந்த வீட்டில் துணி தோய்த்து அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சூடு கூடி மூலையில் ஒரு ஓட்டை விழுந்தது. அவளே இழை இழையாகக் கோத்து, நெய்தது போல அதை அடைத்தாள். இரண்டு மாதம் கழித்துத் துணியைக் காணவில்லை.

"நீதான் களவெடுத்தனீ. போ வெளியில."

அல்பிரட் மிசிஸ் அதைத் தெருப்படலையில் நின்று, போவோர் வருவோர் கேட்கச் சொன்னார். பொலிசுக்குப் போகவில்லை, போகத் தேவையும் இருக்கவில்லை. கள்ளி என்ற சொல் திரியாய்க் கிராமம் வரை நடந்து போய், அங்கே புஷ்பவதியின் தங்கச்சிக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தத்தைக் குழப்பிற்று. அதற்குப் பிறகு தங்கச்சியைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

பன்னிரண்டு வருடம் புஷ்பவதி சரீப் நானாவின் தையற்கடைக்குப் பொத்தான் கண் தைத்துச் சீவித்தாள். அந்தக் கையைக் கண்டுதான் றோஸ் ரீச்சர் அவளைத் தான் நடத்திய போர்வை தைக்கும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். சயம், வாதம், இழுப்பு என்று வருடக்கணக்காய்ப் பாயோடு கிடப்பவர்களுக்கு மாதா கோயில் பெண்கள் பழந்துணிகளை வெட்டிப் பொருத்தி, நடுவில் இலவம்பஞ்சு வைத்துப் போர்வை தைத்துக் கொடுத்தார்கள். வீடுகளிலிருந்து வரும் துணி மூட்டைகளை ரீச்சர் அவிழ்ப்பதில்லை. யார் வீட்டுக் கந்தலென்று ஊர் பேசக்கூடாது என்பது அவருடைய சட்டம். தைத்தவளே நோயாளியின்மேல் போர்வையை விரிக்க வேண்டும் என்பது இன்னொன்று.

அந்த ஐப்பசியில் ரீச்சர் ஒரு மூட்டையோடு வந்தார்.

"புஷ்பம், இது அல்பிரட் மிசிஸுக்கு. வாதம் வந்து மூண்டு வருசமாக் கிடக்கிறா. மூட்டையும் அவையின்ர வீட்டுதுதான், மருமகள் ஞானமலர் கட்டித் தந்தவ. உமக்கு மனமில்லையெண்டாச் சொல்லும்."

"தைக்கிறன் ரீச்சர்."

"கெதியாத் தையும். போன முறை நீர் எடுத்த நாளுக்கு நோயாளி எழும்பி மீன் வாங்கப் போயிட்டுது."

மூட்டைக்குள், பழைய யன்னற்சீலைகளுக்கு நடுவில், நாலாய் மடித்தபடி மேசைத்துணி இருந்தது. புஷ்பவதி ஓட்டையைத் தேடவில்லை. விரல் தானாகப் போய் அந்த இடத்தில் நின்றது. தன் தையலைத் தான் அறியாதவள் உண்டா? விளக்கு வைக்கும் நேரம் வரை அவள் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

துணியை முழுதாகக் கொண்டுபோய் ரீச்சரிடம் காட்டியிருக்கலாம். அது நேரான வழி. அவளுக்கு நேரான வழி போதவில்லை. அந்த மனுசி அதைத் தன் உடம்பின்மேல், நாலுபேர் முன்னால் காண வேண்டும். முகம் வெளிற வேண்டும். தங்கச்சியிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்தாள். அடைத்த மூலை நெஞ்சுக்கு நேரே வரும்படி அளந்து வெட்டினாள். அவள் தைத்ததிலெல்லாம் அழகான போர்வை அதுதான்.

கொடுக்கப் போன அன்று வாடைக்காற்று அல்பிரட் மிசிஸின் அறைக் கதவை அடித்தது. புஷ்பவதி போர்வையை விரித்தாள். ரீச்சரும் ஞானமலரும், நானும் மற்றப் பெண்களும் சுற்றி நின்று மாதாவுக்குப் பிரியதத்த மந்திரம் சொன்னோம்.

"நல்ல சூடு," என்றார் அல்பிரட் மிசிஸ். மடங்கிப்போன விரல்கள் கிளியொன்றைத் தடவி, மூலைக்கு வந்து, நின்றன.

புஷ்பவதி அந்த முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். கிழவியின் கண்கள் கலங்கின. வெட்கத்தில் கலங்குகின்றன என்று அவள் நினைத்தாள்.

"பாருங்கோ ரீச்சர், என்ர மேசைத்துணி. அண்டைக்கு இவ எடுத்தது. மனச்சாட்சி குத்தி, தைச்சுத் திருப்பித் தந்திருக்கிறா." ஈரக் கண்ணோடு சிரித்தார். "நான் உன்னை மன்னிச்சிட்டன், புஷ்பம்."

பின்னால் யாரோ, "ஆண்டவருக்குத் தோத்திரம்," என்றாள்.

"உங்கட வீட்டு மூட்டைக்குள்ளதான் கிடந்தது!" புஷ்பவதியின் குரல் பிளந்தது. "உங்கட மருமகளைக் கேளுங்கோ!"

ஞானமலர் நிலத்தைப் பார்த்தாள். "நான் யன்னற்சீலைதான் கட்டினனான், மாமி."

"ரீச்சர்?" புஷ்பவதி அவர் பக்கம் திரும்பினாள்.

"மூட்டை வந்தது உண்மை," என்றார் றோஸ் ரீச்சர் மெதுவாக. "உள்ளுக்கு என்ன கிடந்ததெண்டு நான் காணேல்லை, புஷ்பம்."

புஷ்பவதி குனிந்து போர்வையைப் பிடித்து இழுத்தாள். கிழவி மறு நுனியை விடவில்லை.

"குளிருதடி. விடு."

"களவெடுத்த சாமான் உங்களுக்கு ஏன்?"

கிழவியின் விரல்களுக்கு வலுவில்லை. போர்வை வந்துவிட்டது. மழைக்குள் அதைத் தலையில் சுமந்துகொண்டு அவள் நடந்து போனதைத் தெருவே பார்த்தது.

நாலாம் நாள் ஞானமலர் வந்தாள்.

"மாமியின்ர அலுமாரியில, அடிக் கடதாசிக்குக் கீழ கிடந்தது. அவ அங்க வச்சிட்டு மறந்துபோனா. கேளாமல் எடுத்துக் கட்டினனான். இப்பச் சொன்னா என்னை வீட்டில வச்சிருக்கமாட்டினம், அக்கா." பிறகு, "அவ அந்தப் போர்வையைத்தான் கேக்கிறா. வேற ஒண்டும் சூடில்லையாம்."

"இப்ப சொன்னதைக் கோயில் வாசல்ல, பூசை முடிஞ்சு சனம் வரேக்க சொல்லு. அண்டைக்குத் தாறன்."

"அது என்னால ஏலாது."

"அப்ப குளிரட்டும்."

ஞானமலர் போய்விட்டாள்.

அல்பிரட் மிசிஸ் தை மாதம் சளி கட்டி இறந்தார், புஷ்பவதியை மன்னித்ததாகவே நம்பியபடி. ஞானமலர் ஒருநாளும் சொல்லவில்லை. எழுபத்துநாலில் புருசனோடு கொழும்புக்குப் போனாள். றோஸ் ரீச்சர் அதன்பின் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தே கொடுத்தார்; ஓய்வுபெற்று மட்டக்களப்பில் காலமானார். தங்கச்சி கலியாணம் செய்யாமல் அக்காவோடு இருந்தாள். புஷ்பவதி அந்தப் போர்வையை ஒருவருக்கும் கொடுக்கவில்லை, தானும் போர்த்தவில்லை. எண்பத்தொன்றில் இறந்தாள்.