காலணா செலவில்லாத விளக்கு

உயரமான கண்ணாடிப் புட்டியில் முக்கால்வாசி சமையல் எண்ணெய், மீதிக்குச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர், அடியில் ஒரு டார்ச். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தம்பி கைபேசியைத் தாங்கியில் பொருத்தினான். காலை பத்து மணிக்கு நேரலை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கினான்.

இணையத்தில் அவனுக்குப் பெயர் 'சிக்கனச் சிங்கம்'. உடைந்த குடையில் கைப்பை, பழைய சட்டையில் தலையணை உறை என்று வீட்டில் கிடப்பதை வைத்தே வித்தை காட்டுவான். காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது என்பது அவனே போட்டுக்கொண்ட சட்டம். குடையும் உறையும் எடுபடவில்லை. இந்த விளக்குதான் அவனைத் தூக்கி நிறுத்தியது. எண்ணெய்க்குள் சிவப்புக் குமிழ்கள் மெல்ல ஏறி, உச்சியில் உடைந்து, மறுபடி இறங்கும். கடையில் இதே மாதிரி ஒன்று வாங்கப்போனால் யானை விலை சொல்வார்கள்.

குமிழ் ஏறுவதற்கு ஒன்று வேண்டும்: தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற மாத்திரை. ஒரு முறை போட்டால் ஐந்து நிமிடம் ஓடும், பிறகு இன்னொன்று போட வேண்டும். அதுவும் வீட்டிலேயே இருந்தது. அடுத்த அறையில் படுத்திருந்த அக்காவின் மாத்திரை.

அக்கா இருபத்திரண்டு வருடம் தையல் ஆலையில் உழைத்தவள். அப்பா அம்மா போன பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனைப் படிக்க வைத்தாள். படிப்பு அவனுக்கு வந்தது, துணித் தூசி அவள் நெஞ்சுக்குப் போனது. சளி இளக தினம் இரண்டு மாத்திரை கரைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். "உனக்கு மறதிக்கா, நானே எடுத்துத் தரேன்" என்று தம்பி அவற்றைப் போன மாதம் அவளிடமிருந்து வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டான். இரண்டு ஒன்றானது, ஒன்று பாதியானது. ஒன்பது நாளாக அதுவும் இல்லை.

"தம்பி, மாத்திரை வந்துச்சாப்பா?" என்றாள் அக்கா, உள்ளிருந்தபடியே.

"கடையில ஸ்டாக் இல்லக்கா. நாளைக்கு வருமாம்."

"நேத்தும் இதைத்தானே சொன்ன. நெஞ்சுல பாறாங்கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குடா."

"அதுக்கு நான் என்ன மருந்து கம்பெனியா நடத்தறேன்? வெந்நி குடி. இப்ப லைவ் போகப்போறேன், கொஞ்சம் அடங்கி இரு."

நேரலை தொடங்கியது. முழு மாத்திரையாகவே போட்டான். குமிழ்கள் கூட்டமாய் எழுந்தன. 'அருமை', 'இன்னொரு தடவை' என்று செய்திகள் குவிந்தன. அவனும் கேட்டவர்களுக்கெல்லாம் வள்ளலாக இன்னொன்று, இன்னொன்று என்று போட்டான். அப்போதுதான் அக்காவுக்கு இருமல் வந்தது. நிற்காத இருமல்.

'அது என்ன சத்தம்?' என்று ஒருவர் எழுதினார்.

"பக்கத்து வீட்டு நாய். நீங்க கண்டுக்காதீங்க" என்று சிரித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு அது கேட்டது. தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். இப்படிச் சொன்னவனின் வேலை கெடக் கூடாது என்று அப்போதும் நினைத்த அவளை என்ன சொல்வது? கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. தொல்லை விட்டது என்று தம்பி அரை மணி நேரம் கூடுதலாகவே பேசினான். முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது அவள் உதடு நீலமாகியிருந்தது.

மருத்துவமனையில் மூச்சு திரும்ப மாலையாகிவிட்டது. டாக்டர் கட்டிலருகே நின்று கேட்டார்.

"மாத்திரை ஒழுங்கா குடிக்கிறாங்களா?"

"எங்க டாக்டர்? தலையால அடிச்சுக்கிட்டாலும் மறந்துடறாங்க."

"ஏம்மா, இவ்வளவு பொறுப்பான தம்பி இருந்துமா இப்படிப் பண்றது?" என்று டாக்டர் அக்காவைக் கடிந்துகொண்டார். ஆக்சிஜன் முகமூடி வாயை மறைத்திருந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. தம்பி பொறுப்பாகத் தலையாட்டினான்.

நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போட்டாள். அது நுரைத்துப் பொங்கியது. அதைப் பார்த்தவள் தம்பியையும் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"சார், நீங்க சிக்கனச் சிங்கம்தானே? அப்பவே நெனச்சேன். உங்களப் பார்த்து நாங்களும் அந்த விளக்கு செஞ்சோம் சார். எண்ணெய், சாயம் எல்லாம் வீட்டுல இருந்துச்சு. மாத்திரைதான் இல்ல. நீங்க காட்டுன இதே சளி மாத்திரையத் தேடிப்போனா, கடை கடையா அடுக்கி வெச்சிருக்காங்க. எங்களுக்குச் செலவே அது ஒண்ணுதான். உங்களுக்கு மட்டும் எப்படி சார் காலணா செலவில்லாம கெடச்சுது?"

டாக்டர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். மருந்து குடிப்பதற்காக நர்ஸ் முகமூடியை எடுத்தபோது அக்கா டம்ளரை வாங்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"வாயக் கட்டி வயித்தக் கட்டி மிச்சம் புடிக்கறதுதான்டா சிக்கனம். நானும் அப்படித்தான் உன்ன வளத்தேன். ஆனா நான் கட்டுனது என் வாய, என் வயித்த. அடுத்தவ மூச்சக் கட்டி மிச்சம் புடிக்கறதுக்குப் பேரு சிக்கனம் இல்ல. கொலை."

தம்பி நிமிர்ந்தான். அவன் முதலில் பார்த்தது அக்காவின் முகத்தை அல்ல. நர்ஸின் கையில் கைபேசி இருக்கிறதா என்றுதான் பார்த்தான்.