வெள்ளைப் புடவை விளம்பரம்

"அந்தப் பொட்ட அழிச்சிட்டு வெளிய போ. கேமராக்காரன் வந்து நிக்கிறான், ஊரே பாக்கும்" என்று கமலாம்பாள் வாசலை மறித்து நின்றாள்.

சிவசங்கரி மாமியாரைத் தாண்டிப் போனாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பாத நாளிலிருந்து தினமும் கேட்கிற பாட்டுதான். பொட்டோடுதான் அவள் பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்த கேஸ் ஏஜென்சிக்கு வேலைக்குப் போய்வந்தாள். சிலிண்டர் கேட்டு வருகிறவர்கள் அடிக்கும் கூத்தையெல்லாம் கதையாக எழுதினாள். சென்னைப் பதிப்பகம் ஒன்று அதைப் புத்தகமாக அச்சடித்துவிட்டது; வெளியீடுதான் பாக்கி.

கேமராவோடு வந்திருந்த பதிப்பகத்தின் விளம்பர ஆள் பிரபாகரன் அவளை நேரே உப்பளத்துக்கு அழைத்துப் போனான். வழியெல்லாம் திட்டம்தான். ரீல்ஸ், இன்ஸ்டாவில் புத்தகம் பேசுகிறவர்களுக்கு இலவசப் பிரதி, முன்பதிவு செய்கிறவர்களுக்குத் துணிப்பையில் ஒரு பிடி மரக்காணம் உப்பு.

"உப்பு எதுக்குங்க? நான் உப்பளத்துல வேலையே பாத்ததில்லயே."

"உப்புன்னா கண்ணீர் மேடம்! கனெக்ட் ஆவும்."

"நான் எழுதுனது சிரிப்புக் கதைங்க."

"அது உள்ள இருக்கட்டும். மொதல்ல புக்கு விக்கணுமில்ல?" பையிலிருந்து வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்தான். "இதக் கட்டிக்குங்க. அந்தப் பொட்டு வேணாம். சோகமா தண்ணியப் பாருங்க."

சிவசங்கரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்க மாமியாரு சொல்லி அனுப்புனாங்களா?"

அவன் விழித்தான்.

"உங்ககிட்ட சம்சாரம் செத்துப்போன எழுத்தாளரு யாராச்சும் இருக்காரா?"

"இருக்காரு மேடம்."

"அவரயும் இப்படித்தான் தண்ணியப் பாக்க வெச்சீங்களா?"

பிரபாகரன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான். "அவரு... பெரிய எழுத்தாளரு மேடம்."

"சரி, ஆன் பண்ணுங்க."

புடவையைத் தொடாமல் புத்தகத்தைப் பிரித்தாள். மாமியார் பேரிலிருக்கும் கனெக்‌ஷனை மாற்ற வந்த மருமகன், மாமியாரையே கூட்டிவந்து நிறுத்தி, 'இவங்களயும் சேத்து மாத்திக் குடுங்க' என்று கேட்ட கதையை ராகம் போட்டுப் படித்தாள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துச் சிரித்தார்கள். பிரபாகரன் சிரித்த சிரிப்பில் கேமராவே ஆடியது.

அந்த ரீல்ஸ் பிய்த்துக்கொண்டு போனது. முன்பதிவு குவிந்தது.

வெளியீட்டு விழா மரக்காணத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. கமலாம்பாள் வரவில்லை. உப்பளத்துப் பெண்கள் கூட்டமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பெரிய பேனர். புத்தகப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'சிரிக்கத் துணிந்த விதவை!'

"செம ரெஸ்பான்ஸ் மேடம்!" என்றான் பிரபாகரன்.

சிவசங்கரி அலங்காரக்காரரிடம் கத்தரிக்கோலை வாங்கினாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அது ஆடியது. முன்வரிசைப் பெண்களில் இரண்டு பேர் எழுந்துவந்து, ஒன்றும் கேட்காமல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் நேராக வெட்டியெடுத்தாள்.

வெட்டிய துண்டைச் சுருட்டிப் பிரபாகரன் கையில் கொடுத்துவிட்டு, புத்தகம் அடுக்கியிருந்த மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.

"யாரு மொதல்ல? பேரு சொல்லுங்க" என்றாள்.